நாலு நொடி மேடு

கோபுரம் ஒன்றுதான்.
ஜூனில் துஷெத்திக்குப் பாதை திறந்ததும்
நாங்கள் மூன்று பேர், இரண்டு குதிரை,
ஓரத்தில் கீறல் விழுந்த சோலார் பலகை.
காற்று எல்லோருக்கும் பொது என்று சொன்னவன்
ஆன்டெனா நட்டுப் பார்த்ததில்லை.

முதல் வாரம் ஒழுங்கே கிடையாது.
தோன்றியவர் தோன்றியபோது பேசலாம்.
மேற்குச் சரிவுக்குக் கிழக்குச் சரிவு கேட்காது.
இருவரும் மௌனம் என்று நம்பி
ஒரே கணத்தில் வாய் திறப்பார்கள்;
நடுவில் நிற்கும் கோபுரத்தின் காதில்
இரைச்சல் மட்டும் விழும்.
மோதியவர்கள் சற்றுப் பொறுத்து
மறுபடி மோதினார்கள்,
குறுகிய வாசலில் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க" என்று
தோள் இடித்துக்கொள்பவர்கள் மாதிரி.

ஆகவே முறை வைத்தோம்.
நேரத்தைப் பத்துப் பத்து மில்லிசெகண்டாக நறுக்கிப்
பந்தியில் பரிமாறுவதுபோல.
எல்லா இலைக்கும் ஒரே அளவு சோறு என்றான் ஜுரா.
நியாயம்தானே.
ஆனால் எல்குஜாவின் ஆட்டுப்பட்டி
பதினோரு கிலோமீட்டர் தள்ளி,
ஒரு பாறையின் முதுகை ஒட்டி.
அவருக்கு ஒரு கரண்டி விழுவதற்குள்
பள்ளத்தாக்கு முழுவதும் இலை காய்ந்து கிடந்தது.
"எல்லோரும் சமமாகப் பட்டினி!" என்று
விடுதிக்கார உச்சா வந்து கத்தினார்.
அவர் பக்கமும் நியாயம்.

அடுத்தது நான் எழுதியது. பெருமையாக எழுதினேன்.
யாருக்கு அலை இப்போது பலமோ அவருக்கே முறை.
மொத்தம் மும்மடங்கானது.
ஏறிய கோட்டைப் படம்பிடித்து
திப்லிசிக்குக்கூட அனுப்பினேன்.
பந்திக்கு முந்தியவர்களுக்கே பாயசமும்.
ஐந்தாம் நாள் நதேலா
பட்டியலின் அடிவரியில் விரல் வைத்தாள்:
எல்குஜா, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
வரிசையில் காத்திருப்பது ஒரே ஒரு செய்தி.

"நீ கூட்டினாய், அதனால் தெரியவில்லை," என்றாள்.
கூட்டலில் பூஜ்யம் பதுங்கிக்கொள்ளும்.
எல்லோருடைய பங்கையும் அவள் பெருக்கிக் காட்டினாள்.
என் அழகான கோடு
தரையோடு தரையாகப் படுத்தது.

அன்றிரவு ஒரே வரியை மாற்றினாள்:
மேலே, இப்போது எவ்வளவு முடியும்;
கீழே, இதுவரை எவ்வளவு கிடைத்தது.
உச்சாவின் நல்ல கணத்தை உச்சாவின் சராசரியால்,
எல்குஜாவின் நல்ல கணத்தை எல்குஜாவின் சராசரியால்.
வகுத்து வருவதில் பெரியது எதுவோ
அதன் இலைக்கு முதல் கரண்டி.
"கீழே பூஜ்யம் இருந்தால்?" ஜுரா கேட்டான்.
"அதற்குத்தான் ஒரு துளி சேர்த்திருக்கிறேன்."

உண்டதை எவ்வளவு காலம் நினைவில் வைப்பது?
அதற்கும் ஓர் எண் வேண்டும்.
பெரிதாக வைத்தால்
போன மாத விருந்துக்கு இன்று பட்டினி.
சின்னதாக வைத்தால்
ஏப்பம் அடங்குமுன் மறுபடி இலை.
மூன்று நாள் சண்டை அதற்கு மட்டும்.
இன்றும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அதற்குள் எல்குஜா மந்தையை
அலையே இல்லாத இடுக்குக்கு ஓட்டிப்போயிருந்தார்.
பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்.

வியாழன். மழைக்கு முந்தைய கருப்பு.
தொலைந்த செம்மறி ஒன்றைத் தேடிப்
பெயரில்லாத மேட்டில் குதிரையை ஏற்றினார்.
பாறை விலகியது.
நாலு நொடி.
எட்டு நாள் பசியால் வகுபட்ட நாலு நொடி.
கோபுரம் அவரைப் பிடித்துக்கொண்டது.

கீழே உச்சாவின் விடுதியில்
போலந்துக்காரர் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில்
வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது.
பந்து அந்தரத்தில்.
அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

சமவெளியில், மச்சினன் சட்டைப்பையில்
செய்தி அதிர்ந்தது:
"உப்பு தீர்ந்தது. நாற்பது கிலோ. லாடம் எட்டு.
கறுப்பு நாய் குட்டி போட்டிருக்கிறது.
ஐந்தாவது தேறாது என்று நினைத்தேன்.
குடிக்கிறது."